கொடி சுற்றிப் பிறந்தவளின் மாமன்

1

நான் பொறுப்பேற்று அழைத்த விருந்தினர் இருவரும் ஜெர்மனியை விட்டு எந்தத் தேதியில் கிளம்பினார்கள் என்று கேட்டு, இந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கிளம்புவதாவது! அவர்கள் வரவே இல்லை. வரவில்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. வந்த தேதி, போன தேதி இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பில் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். கட்டாயம் நிரப்ப வேண்டுமாம்.

அந்த இருவர் என் அண்ணன் பாலமுருகனும், அவன் மனைவி செல்வி மதினியும். என் பேறுகாலத்துக்குத் துணையாக வந்து மூன்று மாதம் இருப்பதாகச் சொன்னவர்கள். என் மகள் கயலுக்குப் போன மாதம் ஒரு வயது முடிந்துவிட்டது. இப்போது எதைப் பார்த்தாலும் விரலை நீட்டி "டா" என்கிறாள். ஜெர்மன்காரர்கள் பூரித்துப்போகிறார்கள். அவர்கள் மொழியில் 'டா' என்றால் 'அதோ'. என் வீட்டுக்காரர் பிரபு மட்டும், பெற்ற அப்பனை மரியாதை இல்லாமல் கூப்பிடுகிறாள் என்று பொய்க்கோபம் காட்டுகிறார்.

ஊரிலிருந்து போனில் விசாரிக்கிறார்கள். "என்ன வாசுகி, அண்ணன்கிட்டப் பேசுறதில்லையாமே, சொத்துத் தகராறா?" சொத்துத் தகராறு என்றால் எவ்வளவோ தேவலை. வக்கீல் வைத்து முடித்துக்கொள்ளலாம். ஆளாளுக்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

2

எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன்தான். அம்மா நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது போய்விட்டாள். அப்பா என் கல்யாணத்தை முடித்துவிட்டு, நான் விமானம் ஏறிய வருடமே போனார். திண்டுக்கல் நாகல்நகரில் எங்கள் வீடு. அங்கே இருந்துகொண்டு நத்தம் ரோட்டில் ஒரு பள்ளியில் அண்ணன் இயற்பியல் வாத்தியாராக இருக்கிறான்.

அவனைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். ஒரு சூரிய கிரகணத்தின்போது ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க, இவன் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி கொடுத்துப் பார்க்கவிட்டான். அதோடு விட்டானா? கிரகணம் பிடித்திருக்கும்போதே ஆளுக்கு இரண்டு பிஸ்கட் தின்னவும் வைத்தான். மறுநாள் பெற்றவர்கள் நாலு பேர் தலைமையாசிரியர் அறைக்கு முன்னால் நின்றார்கள். "யாருக்காச்சும் வயித்த வலிச்சுச்சா? வலிச்சா எங்கிட்ட வாங்க" என்று அவர்களுக்கும் பிஸ்கட் நீட்டினான். என் கல்யாணப் பேச்சின்போது ஜாதகம் கேட்ட மாப்பிள்ளை வீட்டாரிடம், ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். பிரபு வீட்டார் பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடிக்காரர்கள், கொய்யாத்தோப்பு வைத்திருப்பவர்கள், மரியாதையான ஜனங்கள். சிரித்துக்கொண்டே அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள்.

நான் உண்டாகியிருப்பதைச் சொன்னபோது அண்ணன் முதலில் கேட்டது, "யாரு வந்து பாத்துக்கிறது?" என்பதுதான். மாமனார் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு மாமியார் வர முடியாது. "அப்ப நாங்க வாரோம். ரெண்டு புள்ளையப் பெத்து வளத்தவ இருக்கா, அவளைவிட ஒரு ஆள் வேணுமா? நான் சம்பளமில்லாத லீவு போட்டுக்கிறேன், பிள்ளைக மாமியார் வீட்ல இருந்துக்கிரும்" என்றான். நான் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

இங்கே விருந்தாளியை வரவழைப்பது பெண் எடுப்பதைவிடக் கஷ்டம். வருகிறவர்களின் சாப்பாட்டுக்கும் நோய்நொடிக்கும் நானே பொறுப்பு என்று அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு உத்தரவாதக் கடிதம் வாங்க வேண்டும். எட்டு மாத வயிற்றோடு மூன்று முறை போனேன். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருப்பதால் இந்த நாட்டுக்கு நான் திருமதி தங்கவேல். பிரபு அவர் அப்பாவின் பெயரால் திரு ராமசாமி. அங்கே இருந்த அம்மாள் எங்கள் கல்யாணச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தங்கவேலும் ராமசாமியும் எப்படிக் கணவன் மனைவி ஆனார்கள் என்று கேட்டாள். நின்று நின்று கால் வீங்கியிருந்தது. அண்ணன் வரப்போகிறான் என்ற நினைப்பில் அதையும் சிரித்துக்கொண்டே விளக்கினேன்.

3

கயல் நவம்பரில் பிறந்தாள். பிறக்கும்போது தொப்புள்கொடி கழுத்தில் ஒரு சுற்று சுற்றியிருந்தது. மருத்துவச்சி விரலை விட்டு அதைத் தலை வழியாகக் கழற்றிவிட்டு, "இது நிறைய நடக்கும், பயப்படாதே" என்றாள். நான் பயப்படவில்லை. பயப்படுகிற வீட்டில் வளரவில்லை அல்லவா?

பெயர் பதிகிற இடத்தில் ஒரு கூத்து. கயல் என்று சொன்னதும் அந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்து, கண்ணுக்குத் தீட்டுகிற பென்சிலா என்று கேட்டான். இங்கே கண்மைக்குச் சொல்லும் பெயரும் காதுக்கு ஏறக்குறைய அப்படித்தான் விழும். இல்லையப்பா, மீன் என்றேன். அப்படியானால் மீன் என்றே எழுதிக்கொள்ளட்டுமா என்றான். மீன் என்பது பொருள், கயல் என்பதுதான் பெயர் என்று புரியவைப்பதற்குள் பால் கட்டி நெஞ்சு விண்ணென்று ஆகிவிட்டது. கடைசியில் கயல் ராமசாமி என்று பதிந்தான்.

அதற்கு முன்பே, பிறந்த சில மணி நேரத்தில், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டிருந்தேன். அன்றைக்கு என் வாயில் சனி உட்கார்ந்திருந்தான். "அண்ணே, உன் மருமக கழுத்துல மாலையைப் போட்டுக்கிட்டே வந்திருக்கா. மாமனைக் கட்டிக்கிற அவசரம் போல" என்று சிரித்தேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, "அண்ணே, கேக்குதா?" என்றேன். "கேக்குது, கேக்குது. கொடியா சுத்தியிருந்துச்சு?" என்றான். "ஆமா, ஒரு சுத்து. எடுத்து விட்டுட்டாங்க." "சரித்தா, நல்லாப் படுத்துத் தூங்கு" என்று வைத்துவிட்டான்.

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. மாமன் பிள்ளையின் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. தட்டில் எண்ணெய் ஊற்றி, முதலில் அதில் விழுகிற முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்க வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் பிஸ்கட் கொடுத்த வாத்தியாரிடம் பேசும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?

நாலாம் நாள் அவனே கூப்பிட்டான். "விசா கிடைக்கலைத்தா. ஏதோ கட்டத்துல டிக் அடிச்சுக் குடுத்துட்டாங்க. காரணம்னு உருப்படியா ஒண்ணும் போடலை." குரல் கம்மியிருந்தது. அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "கோவத்துல கிழிச்சுப் போட்டேன்" என்றான். பாவம், அவனுக்கு எவ்வளவு வருத்தம் இருந்தால் கிழித்திருப்பான் என்று நான் அவனைத் தேற்றினேன்.

4

இனி அந்த மூன்று மாதம்.

பிரபு அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்தார். மூன்றாம் வாரமே போக வேண்டியதாயிற்று. வெளியே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வீட்டில் நானும், கத்துகிற ஒரு பிள்ளையும். இங்கே பிரசவமான வீட்டுக்கு அரசாங்க ஏற்பாட்டில் ஒரு மருத்துவச்சி வந்து போவாள். எனக்கு வாய்த்தவள் உர்சுலா. அறுபது வயது, ஆறடி உயரம், சைக்கிளில் வருவாள். முதல் பத்து நாள் தினமும், பிறகு வாரம் இரண்டு தடவை. பிள்ளைக்கு வயிற்று உப்புசம் என்றதும் பையிலிருந்து சோம்பை எடுத்துக் காய்ச்சி, என்னைக் குடிக்கச் சொன்னாள். சோம்பைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தாம் வாரம் பால் கட்டிக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. பிள்ளை கூடையில் கிடந்து வீறிடுகிறாள், என்னால் கையை நீட்ட முடியவில்லை. நல்ல வேளை, அன்றைக்கு உர்சுலா வருகிற நாள். தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தேன். அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, குளிர்ப்பெட்டியிலிருந்து முட்டைக்கோஸை எடுத்து, இலைகளைக் கட்டையால் நசுக்கி என் மார்பில் வைத்துக் கட்டினாள். எங்கள் நிலக்கோட்டைப் பக்கம் பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவைக் கட்டுவார்கள். இங்கே பால் கட்டினால் கோஸ் இலை. ஒட்டன்சத்திரம் சந்தையையே கட்டிக்கொண்டு படுத்திருப்பது போல வாடை அடித்தது.

கட்டி முடித்துவிட்டு அவள் கேட்டாள், "உன் ஆட்கள் எங்கே? உன் நாட்டில் இப்படித் தனியே விட மாட்டார்களே."

"உங்கள் நாடுதான் விசா தரவில்லை" என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், எவ்வளவு காரமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு காரமாக. அந்த அம்மாளின் முகம் கழுத்து வரை சிவந்துபோயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். தன் நாட்டுக்காக வெட்கப்படுவதாகச் சொன்னாள். பிறகு அடுப்படிக்குப் போய் எனக்கு ரசம் போல ஏதோ ஒன்று காய்ச்சிக்கொண்டு வந்தாள்.

அந்த ரோஷத்தில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அகராதி பார்த்து, விசா அலுவலகத்துக்கு மறுபரிசீலனை மனு எழுதினேன். இரண்டு பக்கம். அண்ணன் எப்பேர்ப்பட்டவன், ஊரில் வேலையும் வீடும் பிள்ளைகளும் இருக்கிறவன் இங்கே தங்கிவிடுவானா என்றெல்லாம் வாதாடியிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. அதில் மறுப்பு என்ற சொல் எனக்குப் புரிந்தது. மறுபரிசீலனை சாத்தியமில்லை என்பதும் புரிந்தது. நடுவில் 'மாங்கெல்ஸ்' என்று ஒரு சொல் இருந்தது. மாங்கெல்ஸ் என்ற அதிகாரிதான் மறுத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். பிரபுவும் அவசரத்தில் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு பல வாரம் பாத்திரம் கழுவும்போதெல்லாம், முகம் தெரியாத அந்த மாங்கெல்ஸைத் திட்டித் தீர்த்தேன். அவன் குடும்பம் விளங்காது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "மனு எதுக்குப் போட்ட? உடம்பைப் பாரு, விடுத்தா" என்றான். வீடியோவில் கூப்பிடும் போதெல்லாம் மதினிதான் முகம் காட்டுவாள். "அண்ணன் எங்க மதினி?" "இப்பத்தான் கடைக்குப் போனாக." "பேப்பர் திருத்திக்கிட்டு இருக்காக." சில தடவை அவன் குரல் மட்டும் பக்கத்திலிருந்து கேட்கும். "நெட்டு சரியில்லைத்தா." ஒரே வீட்டில், ஒரே போனில், மதினிக்கு வருகிற நெட்டு இவனுக்கு மட்டும் வராதா என்று எனக்குத் தோன்றவில்லை. கோட்டி பிடித்தவள் மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன்.

5

கயலுக்குப் பதினோராம் மாதம் நடக்கும்போது மொட்டைக்கும் காதுகுத்துக்குமாக ஊருக்குப் போனோம். ஆயக்குடியில் பிரபு வீட்டுக் குலதெய்வக் கோயிலில் வைபவம். அதற்கு முன் நாலு நாள் திண்டுக்கல்லில் என் வீட்டில் தங்குவதாகப் பேச்சு. பிரபு எங்களை இறக்கிவிட்டுவிட்டு ஆயக்குடிக்குப் போய்விட்டார்.

வீட்டில் அண்ணன் இல்லை. மதினி ஆரத்தி எடுத்தாள், பிள்ளையைக் கட்டிக்கொண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அடுப்படியில் வைத்து மெல்ல ஆரம்பித்தாள்.

"வாசுகி, நீ கோவிச்சுக்கக் கூடாது. அவுக கூட்டாளி வீட்ல இருக்காக. நாளைக்குக் காலையில எண்ணெயில முகம் பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாக."

"யாரு, எங்கண்ணனா?"

"அவுகதான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீடியோவில் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. போன் கண்ணாடி வழியாகப் பார்ப்பதும் பார்ப்பதுதான் என்று யாரோ ஒரு ஜோசியர் சொல்லிவிட்டாராம். ஊருக்குத்தான் உபதேசம் போல. ஆனாலும் அன்றைக்கு எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. வயது ஆக ஆகப் பயம் வருவது மனுச சுபாவம், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை முற்றத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்தார்கள். நான் கயலைத் தூக்கிக்கொண்டு அதன் மேல் சாய்த்துப் பிடித்தேன். மதினி அண்ணனின் கண்ணைத் துண்டால் கட்டிக் கூட்டிவந்து, எனக்கு எதிரே குனிய வைத்துக் கட்டை அவிழ்த்தாள். அவன் வெகு நேரம் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா மூக்கு" என்றான். பிறகு நிமிர்ந்து கையை நீட்டினான். வேற்றாளைக் கண்டால் அலறுகிற பிள்ளை, என்ன மாயமோ, அவனிடம் தாவியது.

அடுத்த இரண்டு நாளும் அவள் அவன் தோளைவிட்டு இறங்கவில்லை. மலைக்கோட்டையைக் காட்டினான், ரயிலைக் காட்டினான். டவுன் பஸ்ஸில் ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போனான். பள்ளிக்கே தூக்கிக்கொண்டு போய், "எம் மருமக, ஜெர்மனி" என்று எல்லோரிடமும் காட்டினானாம். பார்த்துப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஒரு வருடக் கஷ்டமும் கரைந்துவிட்டது என்று பிரபுவிடம் போனில் சொன்னேன். அதோடு அந்த மாங்கெல்ஸையும் அன்று மன்னித்துவிட்டேன்.

6

நாலாம் நாள் ஆயக்குடிக்குக் கிளம்ப வேண்டும். துணிமணி கூடிப்போனதால் இன்னொரு பெட்டி தேவைப்பட்டது. மதினி பூக்கடைக்குப் போயிருந்தாள். பரணில் ஒரு நீலப் பெட்டி புதிதாகத் தெரிந்தது. இறக்கினேன். கனத்தது.

திறந்தால் சுக்கு, மிளகு, கருப்பட்டி வாடை. பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் தைத்த குழந்தைத் துணிகள் இரண்டு டஜன். வசம்பு கோத்த வளையல். பொடி அடைத்த டப்பாக்களில் மதினியின் கையெழுத்து: 'பத்தியப் பொடி, முதல் பத்து நாள்.' 'பூண்டு லேகியம், காலையில்.' கருப்பட்டி உருகிப் பொட்டலத்தோடு ஒட்டி, எறும்பு மொய்த்துச் செத்திருந்தது. பெட்டியின் பக்கப் பையில் விமானச் சீட்டு அச்சடித்த தாள். அதோடு இரண்டு கடவுச்சீட்டுகள்.

பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் விசா ஒட்டியிருந்தது. தொண்ணூறு நாள். கயல் பிறந்த வாரத்திலிருந்து.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். போனை எடுத்து, சேமித்து வைத்திருந்த அந்த ஒரு வரிப் பதிலில் மாங்கெல்ஸ் என்ற சொல்லுக்கு முதல் தடவையாக அர்த்தம் தேடினேன். 'இல்லாமையால்' என்று வந்தது. மறுப்பு எதுவும் இல்லாமையால் மறுபரிசீலனை சாத்தியமில்லை. அந்த அலுவலகம் உண்மையைத்தான் எழுதியிருந்தது. பொய் சொன்னது என் கூடப்பிறந்தவன்.

அண்ணன் மொட்டைமாடியில் கயலுக்குக் காக்காய் காட்டிக்கொண்டிருந்தான். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் பிள்ளையை மெல்லக் கீழே உட்கார வைத்தான்.

"அண்ணே, எண்ணெய் ஜெர்மனியில கிடைக்காதா? ஒரு தட்டுல ஊத்தி அங்கயே முகம் பாத்திருக்கலாம்ல?"

"ஜோசியரு பத்து மாசம் கழியணும்னாரு."

"மதினியை மட்டுமாச்சும் அனுப்பியிருக்கலாம்ல?"

"அவ வாய் நிக்காது. வந்தா உங்கிட்டச் சொல்லிப்புடுவா."

"நீயே சொல்லியிருக்கலாம்ல? பயமா இருக்கு வாசுகி, வரலைன்னு ஒரே ஒரு வார்த்தை?"

"நீ சிரிச்சிருப்ப."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நானும் கொடி சுத்திப் பொறந்தவன்தான். உனக்குத் தெரியாது. நான் பொறந்த மூணாம் மாசம் நம்ம மாமா லாரியில அடிபட்டுச் செத்தாரு. அம்மா வழிச் சொந்தத்துல எந்த விசேசத்துக்குப் போனாலும், 'மாமனை முழுங்குனவன் வாரான் பாரு'ன்னு சொல்லுவாக. காது குத்தையில மடி குடுக்க மாமன் இல்லை. சாவுக்கு நான் பயப்படலைத்தா. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உம் மகளையும் அப்படித்தான் சொல்லுவாக. அம்புட்டுத் தூரத்துல இருந்தாலும் சொல்லுவாக."

மாமா விபத்தில் இறந்தது எனக்குத் தெரியும். மற்றது தெரியாது. அம்மா வாயைத் திறந்ததில்லை. அண்ணனை நினைத்து அந்த நிமிடம் பாவமாக இருந்தது உண்மை. ஆனால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் போனிலேயே அவனோடு சேர்ந்து அழுதிருப்பேன். வராதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானே சொல்லியிருப்பேன். அதற்கு இடம் கொடுக்காமல் காதில் பூச்சுற்றிவிட்டு, நான் முன்பின் தெரியாத ஊரில் மனு எழுதிக் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். உர்சுலாவை அவன் பொய்க்காக மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டேனே என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"உன்னை நம்புனேன்ணே. ஒரு தேசத்தையே பொய்யின்னு நெனச்சேன், உன்னை நெனைக்கல" என்றேன்.

கயல் தவழ்ந்து போய் அவன் கைலியைப் பிடித்து எழுந்து நின்றாள். நான் அவளைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

7

கோயில் ஆயக்குடியில் தோப்புகளைத் தாண்டி இருக்கிறது. நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, பிரபுவிடம் தவிர. அவர் கேட்டுவிட்டு, "உன்னிஷ்டம் வாசுகி" என்று மட்டும் சொன்னார்.

மொட்டை முடிந்து கயலைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசினார்கள். ஆலமரத்தடியில் பாய் விரித்து ஆசாரி உட்கார்ந்திருந்தார். பழனியிலிருந்து வந்தவர், எங்கள் உறவு எதுவும் அறியாதவர். அண்ணன் புது வேட்டி கட்டி, தாய்மாமன் சீரான பட்டுப்பாவாடையும் பழங்களும் தட்டில் வைத்து, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கையில் கம்மல் டப்பா. மடியில் ஒரு துண்டை விரித்துச் சரிசெய்துகொண்டான். மதினி எனக்குப் பின்னால் நின்றாள். மொட்டைமாடியில் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. என் தோளைத் தொட்டாள்.

நான் போய் அவனுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து, கயலை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

மாமியார் குனிந்து காதோடு சொன்னார். "கண்ணு, மாமன் மடியில வெக்கோணும். அதானே மொறை."

"இருக்கட்டுங்க அத்தை" என்றேன்.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "ஏனுங்க அம்மிணி, தாய்மாமன் எங்கீங்க? மடி குடுக்கச் சொல்லுங்க."

"மாமன் வரலீங்க" என்றேன்.

என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். எழுந்து போனால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் மடியில் விரித்திருந்த துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு கம்மல் டப்பாவைத் திறந்து ஆசாரியிடம் நீட்டினான்.

ஆசாரி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பறம் நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"நான் திண்டுக்கல்லுங்க. இவுக ஊர்க்காரன். கம்மல் கொண்டாந்தேன்."

ஆசாரி அதற்கு மேல் கேட்கவில்லை. கயலின் வலது காதைப் பிடித்து, இறுகப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார்.